தோள் கொடுத்த மக்களுக்கு நீதி எங்கே?

ஊரின் நன்மைக்காக ஒருவன் துன்பம் ஏற்பானாயின், அத்துன்பத்தில் ஊருக்கும் பங்குண்டு. இது நேற்று இன்று தோன்றிய நியாயமன்று. கூட்டாக வாழும் மக்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட பழைய நியாயம். ஆயினும், இந்நாட்டின் அரசாங்கங்கள் இன்றுவரை ஒரு துறையில் இந்த நியாயத்தை ஏற்க மறுத்தே வந்திருக்கின்றன. தடுப்பூசியால் தீங்குற்றவனுக்கு நட்டஈடு வழங்குவதே அத்துறை. அதிலும் யாரும் பேசாத ஒரு தீங்கைப் பற்றி இவ்வாரம் பேச விரும்புகிறோம். ஊசி ஏற்றிய தோள் செயலிழந்து போவதே அது.

முதலிலே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் தடுப்பூசிக்கு எதிரிகளல்லர். 1886ஆம் ஆண்டிலேயே அம்மைப்பால் குத்துவதற்குச் சட்டம் கண்ட நாடு இது. 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கிய பின்னர், இளம்பிள்ளை வாதம் 1993க்குப் பின் இங்கு காணப்படவில்லை. 2019இல் சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடென உலக சுகாதார நிறுவனம் நம்மை அறிவித்தது. செல்வம் கொழிக்கும் நாடுகள் சிலவும் எட்டாத வெற்றி இது. வெயிலென்றும் மழையென்றும் பாராது வீடுவீடாக நடந்த குடும்ப நல உத்தியோகத்தரும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிகிச்சை நிலையத்து வரிசையில் நின்ற தாய்மாரும் ஈட்டித் தந்த வெற்றி இது. அந்த வெற்றியை மதிப்பவர்கள் என்பதனாலேயே, அதன் செலவை ஏழையின் தோள்மீது மட்டும் சுமத்துவது தகாது என்கிறோம்.

தீங்கு நேர்வது எவ்வாறு?

மேற்புயத்தில் ஊசி ஏற்றுவது தசைக்குள் மருந்தைச் செலுத்துவதற்காக. தோளின் உச்சியெலும்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, தடித்த தசையின் நடுவே ஊசி இறங்கவேண்டும். அந்த இடத்தை விட்டு மேலே குத்திவிட்டால், எலும்புக்கும் தசைநாருக்கும் இடையே உராய்வைத் தடுப்பதற்கு இயற்கை அமைத்துள்ள சிறு நெய்ப்பைக்குள் மருந்து சென்றுவிடக்கூடும். நோயை எதிர்க்கும்படி உடலைத் தூண்டுவதற்கென்றே செய்யப்பட்ட மருந்து, மூட்டுக்குள்ளே அதே தூண்டுதலைச் செய்கிறது. மூட்டு அழன்று வீங்குகிறது. தசைநார்கள் புண்படுகின்றன. நாளடைவில் தோள் உறைந்து, கையைத் தலைக்குமேல் உயர்த்தவியலாத நிலை உண்டாகிறது.

ஊசி ஏற்றிய கையில் ஓரிரு நாள் வலிப்பது யாவரும் அறிந்தது. அது தானே நீங்கும். நாம் சொல்வது அதுவன்று. ஊசி ஏற்றிய சில மணி நேரத்தில் அல்லது இரண்டு நாளுக்குள் தோள்மூட்டில் தொடங்கி, மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வலியைச் சொல்கிறோம். 2007ஆம் ஆண்டிலும் 2010ஆம் ஆண்டிலும் அமெரிக்க மருத்துவர்கள் இதனை ஆராய்ந்து எழுதினார்கள். தடுப்பூசி ஏற்றியதால் நேர்ந்த தோட்காயம் என்று அதற்குப் பெயரும் இட்டார்கள். இது அரிதாக நேர்வது. மருந்தில் நஞ்சு கலந்ததால் நேர்வதன்று. குத்திய இடம் பிழைத்ததால் நேர்வது. எனவே, தடுக்கக்கூடியதுமாகும்.

அரிது என்று சொல்லி இதனைத் தள்ளிவிடலாமா? நிந்தவூரிலிருந்து அக்கரைப்பற்றுவரை நீண்டு கிடக்கும் இக்கரையோரத்தை எண்ணிப் பாருங்கள். பாலமுனையிலும் ஒலுவிலிலும் அட்டாளைச்சேனையிலும் கடலும் வயலுமே சோறு போடுகின்றன. கரைவலை இழுப்பவனுக்குத் தோளே மூலதனம். வயலில் மூட்டை சுமப்பவனுக்கும் அதுவே. தையற்பொறியின் முன் அமர்ந்து பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்ணுக்கும் அதுவே. அலுவலகத்தில் இருந்து எழுதுபவருக்குத் தோள்வலி தொல்லை மட்டுமே. இவர்களுக்கோ அது வறுமையின் வாசல். தொழுகைக்குத் தக்பீர் கட்டக் கை உயர்த்த முடியாதவனும், தன் தலைமயிரைத் தானே வாரிக்கொள்ள முடியாத பெண்ணும் படும் மனவேதனையை எந்தக் கணக்கில் எழுதுவது?

தோளில் ஊசி ஏற்றுவது கொவிட் காலத்தோடு முடிந்துபோன கதையுமன்று. கர்ப்பிணிப் பெண்களுக்கு ஏற்புவலித் தடுப்பூசி ஏற்றுகிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்றுகிறார்கள். 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி ஏற்றுகிறார்கள். ஹஜ்ஜுக்குப் போவோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஏற்றாமல் புறப்பட முடியாது. ஆண்டுதோறும் புதிய தோள்கள் நீட்டப்படுகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

இவ்வாறு தீங்குற்றவன் இன்றைய இலங்கையில் நட்டஈடு பெறுவதற்குச் செய்யக்கூடியது யாது? தடுப்பூசி நட்டஈட்டுக்கெனத் தனிச்சட்டம் இங்கு இல்லை. அவன் பொதுச் சட்டத்தையே நாடவேண்டும். உரோமன்-டச்சுச் சட்டத்தின் வழிவந்த தீங்கியல் வழக்கு அது. ஒரு காலத்தில் முடியின்மீது அவ்வாறு வழக்காடவே இயலாது. ஊசி ஏற்றிய ஊழியரைத்தான் தேடிப்பிடிக்க வேண்டும். 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டமே, தன் ஊழியர் கடமையின்போது இழைத்த தீங்குக்கு அரசும் பொறுப்பாளி என்று விதித்தது.

கதவு திறந்ததென்னவோ உண்மை. ஆனால், உள்ளே நுழைவதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டப்படி, இத்தகைய தீங்குக்கு 2 ஆண்டுக்குள் வழக்கிடவேண்டும். அரசின்மீது வழக்கிடுவதென்றால், குடியியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 461ஆம் பிரிவுப்படி 1 மாத முன்னறிவித்தல் எழுத்திற் கொடுக்கவேண்டும். ஆக, 23 மாதம் முடியுமுன்னே அறிவித்தல் போயாக வேண்டும். அடிப்படை உரிமை மீறலென்று உயர் நீதிமன்றம் செல்ல எண்ணினாலோ, அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை அதற்குத் தருவது 1 மாதம் மட்டுமே. தோள்வலி ஊசியால் வந்தது என்று கண்டறிவதற்கே பல மாதங்கள் கழியும் ஒரு நோய்க்கு இந்தக் கணக்குப் பொருந்துமா? "சுளுக்கு" என்று எண்ணெய் தேய்த்து ஓராண்டு, "வாதம்" என்று மருந்து தின்று ஓராண்டு எனக் கழித்தவன் உண்மையை அறியும் நாளில், அவனுடைய வழக்கு இறந்துபோயிருக்கும்.

காலம் தவறாது சென்றான் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே மெய்ப்பிக்கவேண்டியவை மூன்று. ஊசி ஏற்றியவர் கவனக்குறைவாக நடந்தார் என்பது ஒன்று. அக்கவனக்குறைவே இக்காயத்துக்குக் காரணம் என்பது இரண்டு. அதனால் பொருள் நட்டம் உண்டாயிற்று என்பது மூன்று. இவை எவ்வளவு கடினமானவை என்பதற்குப் பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன என்ற வழக்கு நல்ல சான்று. குழந்தையை இழந்த தந்தை தொடுத்த வழக்கு அது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 2½ இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றமோ, மருத்துவரின் கவனக்குறைவைக் கண்டபோதிலும், அதுவே மரணத்துக்குக் காரணம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று வழக்கைத் தள்ளியது. தலைநகரிலே வாழ்ந்து, சிறந்த சட்டத்தரணிகளை அமர்த்தி வழக்காடியவருக்கே இந்நிலை என்றால், பாலமுனைக் கடற்றொழிலாளியின் நிலை என்ன?

அவன் உயிரோடிருப்பவன். ஆதலால், வைத்தியச் செலவையும், இழந்த உழைப்பையும், பட்ட வேதனையையும் கேட்க அவனுக்கு உரிமை உண்டு. ஆனால், இழந்த உழைப்பை எதைக்கொண்டு காட்டுவான்? கரைவலையில் அவனுக்குக் கிடைப்பது பங்கு. அதற்குச் சம்பளச் சிட்டை இல்லை. நாட்கூலி வேலைக்குப் பற்றுச்சீட்டு இல்லை. ஊசி ஏற்றியவர் பெயரும் அவன் அறியான். எந்த இடத்தில் குத்தினார் என்பதை எந்த அட்டையும் எழுதி வைப்பதில்லை. தடுப்பூசி அட்டையில் இருப்பது மருந்தின் பெயரும் தொகுதி இலக்கமும் திகதியும் மட்டுமே. மூட்டுக்குள் நேர்ந்ததைக் காட்டக்கூடிய எம்.ஆர்.ஐ. படமோ, கையில் பணம் இல்லாதவனுக்கு எட்டாக் கனி.

பிறநாடுகள் செய்தது என்ன?

இவ்விடரை நன்குணர்ந்த நாடுகள் வேறு வழி கண்டன. எவர் பிழை என்று தேடாமல், தீங்கு நேர்ந்தது உண்மையா என்று மட்டும் பார்த்து ஈடு செய்யும் வழி அது. 1961இல் மேற்கு ஜேர்மனி இவ்வழியில் முதலடி வைத்தது. பிரித்தானியா 1979இல் சட்டம் செய்தது. யப்பானும் கொரியாவும் செய்தன. செல்வந்த நாடுகளுக்கு மட்டுமே இது இயலும் என்பாரும் உளர். வியட்நாமும் நேபாளமும் இவ்வரிசையில் நிற்பதை அவர்கள் நோக்குவார்களாக.

தோட்காயத்தைப் பொறுத்தவரை அமெரிக்காவின் முறை விரிவாக அறியத்தக்கது. அங்கு 1986இல் சட்டம் இயற்றி, 1988இல் நட்டஈட்டுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். தடுக்கப்படும் நோய் ஒன்றுக்கு, மருந்து ஒரு மாத்திரைக்கு 75 சதம் வரி விதித்து, அதனை ஒரு நிதியாகச் சேர்த்தார்கள். எந்தத் தடுப்பூசிக்கு எந்தத் தீங்கு, எத்தனை நாளுக்குள் என்று ஓர் அட்டவணை வகுத்தார்கள். 2017 மார்ச் மாதத்தில் தோட்காயமும் அவ்வட்டவணையில் ஏறியது. அதற்கு முன் அத்தோளில் நோய் இருந்திருக்கக்கூடாது. வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்கவேண்டும். ஊசி ஏற்றிய தோளிலேயே வலி நின்றிருக்கவேண்டும். அவ்வலிக்கு வேறு நோய் காரணமாகக் காணப்படக்கூடாது. இந்த நான்கும் பொருந்தினால், காரணத்தை மெய்ப்பிக்கும் சுமை முறையீட்டாளன் தலையிலிருந்து இறங்கிவிடும். காயத்தின் விளைவு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்கவேண்டும். முதற்குறி தோன்றி 3 ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். வேதனைக்கு 2½ இலட்சம் டொலர்வரை வழங்கலாம். வைத்தியச் செலவும் இழந்த வருமானமும் வேறு. நியாயமான அடிப்படையில், நல்லெண்ணத்தோடு தொடுத்த மனுவாயின், தோற்றாலும் சட்டத்தரணியின் கட்டணத்தை அந்நிதியே செலுத்தும். ஏழைக்கு நீதி கிட்டவேண்டுமென்றால், இந்தக் கடைசி ஏற்பாடே முதன்மையானது என்போம்.

அங்கும் எல்லாம் ஒழுங்கென்று சொல்லவில்லை. தோட்காய மனுக்கள் பெருகியபோது, "இது ஊசி ஏற்றியவர் பிழை, மருந்தின் பிழையன்று. ஆகவே இந்நிதிக்குரியதன்று" என்று வாதிட்டு, 2021 ஜனவரியில், பதவி நீங்கவிருந்த அரசாங்கம் அதனை அட்டவணையிலிருந்து நீக்க விதி செய்தது. அவ்வாண்டு ஏப்பிரலிலேயே அடுத்த அரசாங்கம் அவ்விதியை இரத்துச் செய்தது. கொவிட் தடுப்பூசிக்கு அங்கு வேறொரு திட்டம் வகுத்தார்கள். அதில் மனுச் செய்ய 1 ஆண்டே தவணை. நீதிமன்ற மேன்முறையீடும் இல்லை. பிரித்தானியாவிலோ, 60 வீதம் ஊனமுற்றவனுக்கே 1,20,000 பவுண் கிடைக்கும். செயலிழந்த தோள் ஒன்று அந்த அளவை எட்டுவது அரிது. ஆகவே, எவருடைய சட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பெயர்த்தெழுதுமாறு நாம் கேட்கவில்லை. நல்லதைக் கொண்டு, குறையை விலக்கி, நமக்கேற்ற சட்டம் செய்யுங்கள் என்கிறோம்.

அண்டை நாடான இந்தியாவிலும் இக்குரல் எழாமலில்லை. 2022இல் கேரள உயர் நீதிமன்றம், கொவிட் தடுப்பூசியின் பின்விளைவால் இறந்தவர் குடும்பங்களுக்கு ஈடு வழங்கக் கொள்கை வகுக்குமாறு பணித்தது. அவ்வாண்டு நவம்பரில் மத்திய அரசாங்கமோ, பாதிக்கப்பட்டோர் குடியியல் நீதிமன்றத்தை நாடலாம் என்று உச்ச நீதிமன்றத்திற் கூறியது. "நீதிமன்றம் திறந்திருக்கிறதே, போய்க்கொள்" என்று ஏழையிடம் சொல்வது எல்லா அரசாங்கங்களுக்கும் பொதுமொழி போலும்!

நமக்கு ஏன் இல்லை?

2021இல் கோவக்ஸ் ஏற்பாட்டின் வழியாக மருந்து பெற்ற நாடுகள் உற்பத்தியாளருக்குப் பொறுப்பிலிருந்து விலக்களிக்க உடன்படவேண்டியிருந்தது. அதற்கு ஈடாக ஒரு நட்டஈட்டு நிதி அமைத்தார்கள். அதுவும் கோவக்ஸ் கொடுத்த மருந்துக்கு மட்டும், கடுந்தீங்குக்கு மட்டும். இந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர் ஏற்றிக்கொண்டது, அரசாங்கம் நேரடியாகச் சீனாவிலிருந்து வாங்கிய சினோபார்ம் மருந்து. அவர்களுக்கு அந்நிதியிலும் இடமில்லை. பாதுகாப்பு என்று வரும்போது, மருந்து செய்த கொம்பனிகளை நினைத்தார்கள். தோளை நீட்டிய குடிமகனை நினைத்தவர் யார்?

இக்கரையோர மக்கள் எத்தகைய காலத்தில் தோளை நீட்டினார்கள் என்பதையும் அரசு மறக்கலாகாது. 2020 மார்ச் இறுதியிலிருந்து ஏறத்தாழ 11 மாதங்கள், கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் குடும்பத்தினர் கதறக் கதற எரித்தார்கள். அடக்கம் செய்தால் நோய் பரவும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லையென்று உலகமே சொல்லியும் கேளாதிருந்தார்கள். 2021 பெப்ரவரி 25இல்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. அதுவும் ஓட்டமாவடியில் ஒரே மையவாடியில். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. சுகாதாரத்தின் பெயரால் நெஞ்சில் தீ வைத்த அதே அரசு, மாதங்கள் சில கழித்துச் சுகாதாரத்தின் பெயரால் ஊசியோடு வந்தபோது, இம்மக்கள் வெறுத்து ஒதுங்கவில்லை. பள்ளிக்கூடங்களிலும் வைத்தியசாலைகளிலும் வரிசையில் நின்று ஏற்றிக்கொண்டார்கள். அந்தப் பொறுப்புணர்ச்சிக்கு அரசு கடன்பட்டிருக்கிறது.

நட்டஈடு பற்றிப் பேசினால் மக்கள் அஞ்சித் தடுப்பூசியை மறுப்பார்களே என்று அதிகாரிகள் சிலர் கூறலாம். நாம் கேட்கிறோம்: மக்களை அச்சுறுத்துவது எது? தீங்கை ஒப்புக்கொண்டு கைகொடுப்பதா, மூடி மறைத்துக் கைவிடுவதா? ஓர் ஊரில் ஒருவன் கை விழுந்து, கேட்பாரற்றுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், அதைப் பார்த்து நூறு பேர் ஊசியை மறுப்பார்கள். "ஆயிரத்தில் ஒருவருக்கு அல்ல, அதனினும் அரிதாக நேரும்; நேர்ந்தால் அரசு பார்த்துக்கொள்ளும்" என்ற உறுதி இருக்குமானால், அந்த நூறு பேரும் தயங்காது வருவார்கள். தீங்கு அரிது என்று அதிகாரிகள் சொல்வது உண்மையாயின், ஈட்டுக்கான செலவும் சிறிதேயாகும். இரண்டையும் ஒருசேர மறுப்பது நேர்மையன்று.

வேண்டுவன

தடுப்பூசித் தீங்கு நட்டஈட்டுச் சட்டம் ஒன்றைப் பாராளுமன்றம் இயற்றவேண்டும். கவனக்குறைவை மெய்ப்பிக்கவேண்டிய தேவையின்றி, 48 மணி நேரத்துக்குள் தொடங்கிய தோட்காயத்தை அச்சட்டத்தின் அட்டவணை ஏற்கவேண்டும். காலவரையறை, காயத்தின் காரணத்தை அறிந்த நாளிலிருந்து தொடங்கவேண்டும். வருமானச் சான்றாகக் கடற்றொழில், விவசாயச் சங்கங்களின் கடிதத்தையும் ஏற்கவேண்டும். மனுக்களைப் பிரதேச செயலகத்திலேயே தமிழிற் கொடுக்க வகை வேண்டும். அரசியலமைப்பின்படி கிழக்கு மாகாணத்தில் நிருவாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழே. இதனை எவரும் சலுகையாக எண்ணவேண்டா. இன்னும், ஊசி ஏற்றுவோர் ஒவ்வொருவருக்கும் பயிற்சி வேண்டும். ஏற்றிக்கொள்பவரை இருக்கச் செய்து, தாமும் இருந்து, சட்டைக் கழுத்தை இழுக்காமல் கையை முழுதும் திறந்து, விரலால் அளந்து ஏற்றவேண்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஓயாத வேலையில் நிற்கும் ஊழியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று. பிழை தேடாத நட்டஈட்டுச் சட்டம் அவர்களையும் காக்கும் சட்டமேயாகும்.

சட்டம் வரும்வரை மக்கள் வாளாவிருக்கலாகாது. ஊசி ஏற்றிய தோளில் வலி ஒரு வாரத்துக்கு மேல் நின்றால், வைத்தியரிடம் சென்று, ஏற்றிய நாளையும் வலி தொடங்கிய நேரத்தையும் சொல்லி எழுதுவியுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் அறிவியுங்கள். தடுப்பூசிக்குப் பின்நேரும் தீங்குகளைப் பதியும் முறை 1996 முதல் இந்நாட்டில் உண்டு. பதியப்படாத தீங்கு நேராத தீங்காகவே கொள்ளப்படும். தடுப்பூசி அட்டையையும் மருந்துச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். அலுவலகம் ஆவணம் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். 2 ஆண்டுத் தவணையை மட்டும் மறவாதிருங்கள். படித்த இளைஞர்களும், பள்ளிவாயல் நிருவாகத்தினரும், சங்கத்தாரும், எழுதத் தெரியாதவர்களுக்கு இவற்றை எழுதிக் கொடுக்க முன்வருவார்களாக.

தேர்தல் காலத்தில் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மேடை போட்டு "உங்களுக்குத் தோள் கொடுப்போம்" என்று முழங்கிய அரசியல்வாதிகளுக்கு ஒரு சொல். நாட்டைக் காக்க மக்கள் தங்கள் தோளை உண்மையிலேயே கொடுத்திருக்கிறார்கள். அவர்களிற் சிலரின் தோள் திரும்பக் கிடைக்கவில்லை. பாராளுமன்றத்தில் ஒரு தனியங்கத்தவர் பிரேரணையைக் கொண்டுவருவதற்குப் பெரும்பான்மை பலம் தேவையில்லை. மனமிருந்தாற் போதும். அந்த மனம் உண்டா என்பதை அடுத்த அமர்விலே காட்டுங்கள். காட்டாவிடின், கேட்கும் உரிமையுள்ள மக்கள் கேட்டே தீருவார்கள்.